இழுத்துப்பார் நடத்திய தேர்தல்

என் மாமனாரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் இழுத்துப்பார்தான். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபப்படமாட்டார். பூட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார், நட்டை முறுக்கினால் இழுத்துப் பார்ப்பார், பாட்டிலை மூடினால் கவிழ்த்துப் பார்ப்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிதில், வேலைக்குக் கிளம்பும்போது ஒருநாள் நான்தான் வாசல் கதவைப் பூட்டினேன். சாவியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், என் கண்ணெதிரிலேயே பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா, எனக்குப் பூட்டத் தெரியாதா?"

"உன்னைச் சந்தேகப்படலம்மா. பூட்டைத்தான் சந்தேகப்படறேன்."

பொய். இரண்டையும்தான் சந்தேகப்பட்டார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், சொந்த மகன் பூட்டினாலும் அதே இரண்டு இழுப்புதான். அதில் ஓரவஞ்சனை கிடையாது.

பஸ் டிப்போவில் அவருக்கு பிரேக் பார்க்கிற வேலை. காலையில் வண்டிகள் கிளம்புமுன் ஒவ்வொன்றின் அடியிலும் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, தட்டி, தடவி, பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். "நேத்து நல்லாத்தானே பிடிச்சுது" என்று டிரைவர் யாராவது அவசரப்படுத்தினால், "நேத்து பிடிச்சது நேத்தோட போச்சு, இன்னிக்கு என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்பார். இடது கட்டைவிரலில் நகத்தடியிலிருந்து குறுக்காக ஒரு தழும்பு ஓடும். சின்ன வயதில் பிரேக் ஸ்பிரிங் ஒன்று தெறித்துக் கிழித்தது. "ஒரே ஒரு தடவை ஒருத்தன் பேச்சை நம்பினேன், அதுக்குப் போட்ட முத்திரை இது" என்று விரலைத் தூக்கிக் காட்டுவார். யார் பேச்சை நம்பினார் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டார்.

மாமியார் போய்ச் சேர்ந்து நெடுநாளாகிவிட்டது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், என் கணவர். மூவருக்கும் ஒரே டிப்போவில்தான் பிழைப்பு. என் கணவர் கண்டக்டர், நான் கேட்டுக்குப் பக்கத்தில் பாஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். அதனால் டிப்போவில் மூண்ட சண்டை வீட்டுக்குள் வர பஸ் ஏறவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சண்டை, யாருக்கு எந்த ரூட் என்பதில் ஆரம்பித்தது. பிறகு எதில் ஆரம்பித்தது என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. கேட் பக்கம் நின்று டீ குடிப்பவர்கள் ஓர் அணி, தண்ணீர் டேங்க் பக்கம் நின்று குடிப்பவர்கள் இன்னோர் அணி. கேட் அணிக்குத் தலைவர் மைக். காதோடு ரகசியம் சொன்னாலும் கடைசி பெஞ்சுவரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். டேங்க் அணிக்குத் தலைவர் ஊமைக்கோட்டான். வாயைத் திறக்கமாட்டார். ஆனால் அவர் நினைத்தது நடந்துவிடும். என் கணவர் மைக்குக்கு வலது கை. ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் டேங்க் அணி என்று பேச்சு, டேங்க் ஒர்க்‌ஷாப் வாசலில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரமில்லை. நடுவில் நின்று டீ குடித்தால் இரண்டு பக்கமும் உளவாளி என்பார்கள். நான் என் டீயைக் கவுண்டருக்குள்ளேயே குடித்தேன். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்.

டிப்போ தொழிலாளர் சங்கத்துக்குப் போன முறை நடந்த தேர்தலில் ஓட்டெண்ணும்போதே அடிதடி. பெட்டி உடைந்தது. இரண்டு அணியும் தாங்களே ஜெயித்ததாக அறிவித்து, இரண்டு கமிட்டி, இரண்டு முத்திரை, இரண்டு நோட்டீஸ் போர்டு வைத்துக்கொண்டார்கள். நிர்வாகத்துக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. யாரோடு பேசுவதென்று தெரியவில்லை என்று சொல்லி இரண்டு பேரோடும் பேசாமல் விட்டது. பிரேக் லைனிங் கேட்டு எழுதினால்கூட பதில் வரவில்லை.

வீட்டிலோ, போன் வந்தால் என் கணவர் பின்கட்டுக்குப் போய்விடுவார். குரல் தணியும். மாமனார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போவார். அவர் என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள நானும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவேன். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஆறு காதும் விழித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் டிப்போவின் காம்பவுண்டுச் சுவர் விழுந்தது. கேட் அணி டிரைவர் ஒருவர், "அவனுங்க பார்த்த பிரேக்கை நான் நம்பமாட்டேன்" என்று, மாமனார் பார்த்து விட்ட வண்டியைத் தன் அணி ஆளிடம் கொடுத்து மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆளுக்கு வண்டி கழுவுகிற வேலை. அவன் எதையோ முறுக்கினான், எதையோ தளர்த்தினான். வண்டி கேட்டில் நிற்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் போய் மோதி, என் கவுண்டருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. சுவர் எந்த அணி என்று கேட்டுவிட்டா இடிந்தது?

மாமனார் வந்தார். என்னைப் பார்த்தார். வண்டிக்கடியில் படுத்தார். எழுந்து வந்து, "என் பிரேக்கை எவன் தொட்டான்?" என்று கேட்டார். மைக் முன்னால் வந்து, பிரேக் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை, ஒர்க்‌ஷாப் சதி என்று ஒரே போடாகப் போட்டார். என் கணவர் அங்கேதான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என் கணவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணிந்துவிடவில்லை.

சுவர் விழுந்த பயம் இரண்டு அணிக்கும் இருந்தது. மறு தேர்தல் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. நடத்துவது யார்? ஒரு சாயங்காலம் மைக்கும் ஊமைக்கோட்டானும் எங்கள் வீட்டுக்கே வந்து, பெஞ்சின் இரண்டு முனையிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம்.

"எதுக்கு நான்?" என்றார் மாமனார். "என் பிள்ளை ஒரு பக்கம் இருக்கான். என்னை ஒர்க்‌ஷாப் ஆளுன்னு வேற சொல்றீங்க."

"நீங்க எங்களை நம்பமாட்டீங்க, அவங்களையும் நம்பமாட்டீங்க" என்றார் மைக். "அது போதும் எங்களுக்கு."

ஊமைக்கோட்டான் தலையை ஆட்டினார்.

மாமனார் நிபந்தனைகளைச் சொன்னார். இரும்பு டூல் பெட்டியின் மூடியில் துளை போட்டு அதுதான் ஓட்டுப்பெட்டி. இரண்டு பூட்டு, அணிக்கு ஒரு சாவி. காலிப் பெட்டியை எல்லோரும் பார்த்த பிறகே பூட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் இழுபறி நடந்தது. காலையில் வேலைக்கு முன் ஓட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும் மைக் இடைமறித்தார். "வேண்டாங்க. ஷிப்ட் முடியற நேரம், ஒர்க்‌ஷாப்லயே வைங்க. ஒர்க்‌ஷாப் ஆளுங்க கையில இருக்கிறதைப் போட்டுட்டு நேரா வந்து குத்திட்டுப் போகட்டும்."

"சரி" என்றார் ஊமைக்கோட்டான். அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

அவர்கள் போனபிறகும் மாமனார் எழுந்திருக்கவில்லை. "ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் கடைசியா எதுல ஒத்துப்போனாங்க, ஞாபகம் இருக்கா?"

"இல்லையே மாமா."

"எனக்கும் இல்ல. அதான் இடிக்குது."

அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஓட்டுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், நனைத்துக்கூடப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். ஒர்க்‌ஷாப் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறினார். ஒன்றும் அகப்படவில்லை. மகன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தார். மகன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். நானும் தனியாகக் கேட்டேன், "என்னங்க, எதையாவது மறைக்கறீங்களா?" என்று. "உனக்கும் அவர் புத்தி ஒட்டிக்கிச்சா?" என்றார். மடியில் கனமில்லாதவர் அப்படி எரிந்து விழமாட்டார்.

தேர்தல் நாள் வந்தது. ஒர்க்‌ஷாப் நடுவில் மேஜை, மேஜைமேல் பெட்டி. ஒரு மூலையில் பழைய தார்ப்பாயைத் தொங்கவிட்டு மறைப்பு. காலிப் பெட்டியை மாமனார் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். இரண்டு பூட்டும் விழுந்தன. இரண்டையும் இழுத்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப்பின் அவர் சிரிக்கவில்லை.

முதலில் வந்தவர் வெல்டர். என்ஜின் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். மறைப்புக்குப் பின்னால் போய், கோடு போட்டு, மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போட்டார். அடுத்து ஒரு கண்டக்டர். அவரும் போட்டார். மூன்றாவது ஆள் சீட்டை வாங்கக் கையை நீட்டும்போது மாமனார், "நிறுத்து" என்றார்.

வெல்டரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு. கண்டக்டரின் கையைப் பார்த்தார். வெள்ளை. "பேப்பரை எப்படிப் பிடிச்சுக்கிட்டுக் கோடு போட்டே?" என்று கேட்டார். வெல்டர் இடது கட்டைவிரலால் மேஜையை அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த இடத்தில் ஒரு கரும்பொட்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டெண்ணும்போது எண்ணெய்க்கறை பட்ட சீட்டெல்லாம் ஒர்க்‌ஷாப்காரன் சீட்டு. ஒர்க்‌ஷாப்பில் இருப்பதே ஒரு கைப்பிடி ஆட்கள். கறைபட்ட சீட்டு இரண்டு கேட் பக்கம் விழுந்திருந்தால், அந்த இரண்டு பேர் யார் என்று டேங்க் அணி தோண்டி எடுத்துவிடும். தங்கள் பக்கம் வருகிறேன் என்று ரகசியமாக வாக்குக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரர்கள் வந்தார்களா என்று கேட் அணியும் பார்த்துக்கொள்ளும். எலிக்கும் பூனைக்கும் ஒரே பொந்தில் வேலை இருந்ததால்தான் அன்றைக்கு ஒரே வார்த்தையில் "சரி" விழுந்தது.

"இது யார் யோசனை?" என்றார் மாமனார்.

மைக்குக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. ஊமைக்கோட்டான் கூரையைப் பார்த்தார். என் கணவர் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். மாமனார் அந்தக் குனிந்த முதுகைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்றவருக்கு அதற்குமேல் பதில் வேண்டியிருக்கவில்லை.

"சரி விடுங்க, அவங்க கை கழுவிட்டு வரட்டும்" என்றார் மைக் ஒருவழியாக.

"இது கழுவினாப் போற கையா? நானும் காலமெல்லாம் கழுவிப் பார்க்கறேன்." தன் கையை விரித்துக் காட்டினார். ரேகைக்கு ரேகை கறுப்பு. "அவங்க கை வெளுக்காது. உங்க கை கறுக்கும்ல?"

இரண்டு சாவியையும் வாங்கிப் பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த இரண்டு சீட்டையும் பிரிக்காமலேயே எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். மறுபடி பூட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு கறுப்பு கிரீஸ் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "சீட்டு வேணும்னா இடது கட்டைவிரலை முக்கு. முக்கின விரலால பேப்பரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் போடு. எவனா இருந்தாலும் சரி."

பெரிய ரகளை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆபீஸ் கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னப்பா கூத்து இது?" என்றார் என் கணவர். "கூத்தை ஆரம்பிச்சது நானில்ல" என்றார் மாமனார். நான் சீட்டு வாங்கப் போனேன். மருமகள் என்று எனக்காவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். கொழகொழவென்று அந்தக் கண்றாவியில் விரலை விட்டபோது அவர்மேல் ஆத்திரமாக வந்தது. யாருக்குப் போட்டேன் என்று நீங்களும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கடைசியாக அவர் தன் விரலையும் முக்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய் வந்தார்.

எண்ணினார். எந்தச் சீட்டை எடுத்தாலும் அதில் ஒரு கரும்பொட்டு. டேங்க் அணிக்குச் சில ஓட்டுகள் கூடுதல்.

அவ்வளவுதான், மைக்குக்குத் தொண்டை திறந்துகொண்டது. "ஏமாத்து வேலை! கிரீஸ் டப்பா வெச்சதே இதுக்குத்தான்!" கேட் அணி மேஜையை நெருங்கியது. டேங்க் அணியும் நெருங்கியது. ஸ்பேனர்கள் தொங்குகிற பலகைப் பக்கம் இரண்டு பேர் நகர்ந்ததை நான் பார்த்தேன். போன தடவையும் பெட்டி இப்படித்தான் உடைந்தது. என் கணவர் முன்னால் வந்து, "நாங்க ஒத்துக்கமாட்டோம்" என்றார், அப்பாவிடம், முகம் பாராமல்.

"ஒத்துக்காதே" என்றார் மாமனார். "நான் சொன்னேன்னு நீ ஏன் ஒத்துக்கணும்? சந்தேகம் வந்தா கத்தக்கூடாது, இழுத்துப் பார்க்கணும். வா, நீ எண்ணு. தோத்தவன்தான் எண்ணணும்." எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

என் கணவர் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, உயர்த்திக் காட்டி, "கேட்", "டேங்க்" என்று சொல்லிப் பிரித்து வைத்தார். எல்லோரும் சுற்றி நின்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாதிக்குமேல் போயிருக்கும், ஒரு சீட்டை எடுத்தவர் அதை உயர்த்தவில்லை. கை மேஜையிலேயே நின்றுவிட்டது.

நான் எதிரில்தான் நின்றிருந்தேன். கரும்பொட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கிரீஸ் ஒட்டாத தழும்பு. டிப்போவில் அப்படி ஒரு கட்டைவிரல்தான் உண்டு. ஓட்டுக்குப் போட்ட கோடு டேங்க் அணிக்கு நேராக இருந்தது.

மாமனாரைப் பார்த்தேன். அவரும் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை மோந்து பார்த்தவர், கூரைமேல் ஏறிப் பார்த்தவர், தன் விரலைப் பார்க்க மறந்துவிட்டார். முதல் தடவை தானே எண்ணியபோதும் கோடு எங்கே என்றுதான் பார்த்தார், பொட்டைப் பார்க்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவருக்குத் தன்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. என் கணவர் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டி, தேர்தல் நடத்தினவர் எந்தப் பக்கம் என்று பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி உடையும், மறுபடி இரண்டு முத்திரை வரும், மறுபடி எவனோ எவனுடைய பிரேக்கையோ தளர்த்துவான். அடுத்த வண்டியும் எனக்கு ஒரு கை தூரத்தில் நிற்கவேண்டும் என்று ஏதாவது சட்டமா? சொல்லிவிடாதே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சுவர் விழுந்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதரை நான் எப்படி நம்புவது?

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டே?" என்றார் மைக்.

"ஒண்ணுமில்ல. ஒட்டிக்கிச்சு" என்றார் என் கணவர். சீட்டைச் சரியாகப் பிடிப்பதுபோல், இன்னும் கிரீஸ் துடைக்காத தன் கட்டைவிரலை அந்த வெள்ளைக் கோட்டின்மேல் வைத்து நன்றாக அழுத்தினார். பிறகு உயர்த்திக் காட்டினார். வெறும் கரும்பொட்டு. "டேங்க்" என்றார் உரக்க.

எண்ணி முடித்தபோது கணக்கு மாறவில்லை. "சரியாத்தான் இருக்கு. நாம தோத்துட்டோம்" என்று எழுந்தார். மைக் அவரை முறைத்துவிட்டு வெளியே போனார். மற்றவர்கள் கொஞ்சநேரம் நின்றார்கள், தங்கள் ஆளே எண்ணிவிட்டதால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கலைந்தார்கள். ஸ்பேனர் பலகைப் பக்கம் நின்றவர்கள் கிரீஸ் துடைக்கத் துணி தேடினார்கள்.

வீட்டுக்கு மூவரும் நடந்து வந்தோம். மாமனார் பின்கட்டில் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் கதவருகில் போய் நின்றார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

"பெத்த பிள்ளை இருக்கிற பக்கம் போட மனசு வரலையாப்பா?"

"என் பிரேக்கைத் தொட்டவனை உங்காளு காப்பாத்தினான். நீ பக்கத்துல நின்னே. உன் பெண்டாட்டி அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தா."

என் கணவர் என் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு, "அடுத்த தேர்தல்ல சுண்டுவிரலை முக்குங்க" என்றார்.

மாமனாரின் கை நின்றது. இனிமேல் மகனைக் கட்டிக்கொள்வார், இல்லாவிட்டால் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவரா சொல்வார்?

"அடுத்த தேர்தல்ல யாருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணலடா. நீ எப்படி நடந்துக்கறேன்னு பார்த்துட்டுதான்" என்றார். சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியை மகனிடம் நீட்டினார்.